தூக்கிப்போட்ட மாத்திரை

எங்கள் சபையில் அவரைச் 'சாட்சி அண்ணன்' என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயர் கடையின் பெயர்ப்பலகையில் பாதி அழிந்து கிடந்தது. அதை யாரும் படிப்பதில்லை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கருகிப்போன மோட்டார்களுக்குச் செப்புக் கம்பியைச் சுற்றி மறுபடியும் காயில் கட்டித் தருகிற ஒற்றை அறை அது. உள்ளே காலை வைத்ததும் எரிந்த வார்னிஷ் வாடை மூக்கில் ஏறும், தரையில் கிடக்கும் செப்புக் கம்பித் துணுக்குகள் செருப்பைக் குத்தும். ஒரு பக்கம் மின்விசிறி, மிக்சி, தண்ணீர் மோட்டார் எல்லாம் வயிறு பிளந்து கிடக்கும். மறுபக்கம் புதுக் காயில் கட்டி வார்னிஷ் ஊற்றியவை குண்டு பல்பின் சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும். நடுவே ஒரு ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த கடை என்னுடையது. நான் சைக்கிள் பழுது பார்க்கிறவன். ஆகவே இதில் பாதி நான் கண்டது, மீதி அவரே என்னிடம் சொன்னது.

தொழிலில் அவர் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை. "காயில் போயிடுச்சு, மாத்தணும்" என்று ஒரு வார்த்தை சொன்னால் வாடிக்கைக்காரருக்கு என்ன தெரியப்போகிறது? ஆனால் இவரோ, "காயில் நல்லாத்தான் இருக்கு, கெப்பாசிட்டர்தான் போச்சு" என்று சொல்லிச் சின்ன வேலையோடு அனுப்பிவிடுவார். பிழைக்கத் தெரியாத மனுஷன் என்று நாங்கள் கேலி செய்வோம். பெண் பார்க்கப் போன இடத்திலும், தனக்கு வலிப்பு வரும் என்பதைப் பலகாரத் தட்டு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டாராம். அந்த ஒரு காரணத்துக்காகவே அவரைக் கட்டிக்கொண்டதாக அவர் மனைவி சொல்வார். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றித்தான் இந்தக் கதை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு அவருக்குச் சின்ன வயதிலிருந்தே இருந்தது. துணிக்கடையில் முதல் வேலை. வாடிக்கையாளர் முன்னாலேயே விழுந்து, அன்றே வேலை போனது. பிறகு காயில் கட்டக் கற்றுக்கொண்டார். கல்யாணமாகி, சொந்தக் கடை போட்டு, எங்கள் சபைக்கு வரத் தொடங்கிய சமயத்தில் வலிப்பு மிகவும் முற்றியிருந்தது. ஒரு ஞாயிறு பாட்டு நடக்கும்போதே பெஞ்சுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் விழுந்து, நெற்றி கிழிந்தது. சபையே பதறிப்போய் அவருக்காக உபவாசமிருந்து ஜெபித்தது. பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்த அன்று மத்தியானமே அவருக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் முறை இருந்தது. அங்கே ஒரு புது டாக்டர், இத்தனை வருஷம் சாப்பிட்ட மாத்திரை இவருக்குச் சரியில்லை என்று வேறு மாத்திரை எழுதினார். இவர் வீட்டுக்கு வந்து பழைய மாத்திரையைக் குப்பையில் போட்டார். அதற்குப் பிறகு வலிப்பு வரவே இல்லை.

எங்கள் சபையில் சாட்சி சொல்வது என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்கு முன்னால் சொல்ல வேண்டும். கோர்ட்டுச் சாட்சியையாவது வக்கீல் குறுக்கே புகுந்து குடைவார். எங்களுக்கு அந்த வேலையே கிடையாது; ஆமென் சொல்லுவோம், அவ்வளவுதான். இவர் எழுந்து நின்றார். "பாஸ்டர் ஐயா கைவெச்சு ஜெபிச்ச அன்னிக்கே பழைய மாத்திரையைத் தூக்கிக் குப்பையில போட்டேன். அதுக்கப்புறம் ஒரு தடவை கூட வலிப்பு வரல," என்றார். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. புது மாத்திரையைப் பற்றி அடுத்து வாய் திறப்பதற்குள் சபை பொங்கிவிட்டது. அல்லேலூயா கூரையைத் தூக்கியது. முன்வரிசையில் பெண்கள் தேம்பினார்கள். இவருக்கும் அழுகை வந்துவிட்டது. நன்றியில் வந்த நிஜமான அழுகை. அழுதுகொண்டே உட்கார்ந்துவிட்டார். மீதியைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்குப் போனதும் மனைவி கேட்டிருக்கிறார், புது மாத்திரையையும் சொல்லியிருக்கலாமே என்று. டாக்டரையும் ஆண்டவர்தானே வைத்திருக்கிறார், எல்லாம் ஒன்றுதான் என்று இவர் பதில் சொன்னாராம்.

அந்தச் சாட்சி நன்றாகக் காய்த்தது. உபவாச ஜெபம் என்றால் இவரை எழுப்புவோம், வெளியூர்ப் போதகர் வந்தால் இவரை எழுப்புவோம். திரும்பத் திரும்பச் சொன்னதில் சாட்சி வழவழப்பானது. எங்கேயோ ஒரு வருஷத்தில் 'பழைய' என்ற சொல் அதிலிருந்து உதிர்ந்துபோய், வெறும் 'மாத்திரையைத் தூக்கிப் போட்டேன்' ஆனது. நோயாளிகளைக் கூட்டிக்கொண்டு சனங்கள் அவர் வீட்டுக்கு வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். கோவிலுக்கும் போகாத, சபைக்கும் வராத அவருடைய மைத்துனர், "சாட்சிக்காரன் கால்ல விழுறதுக்குச் சண்டைக்காரன் கால்லயே விழலாமே, நேரா கடவுள்கிட்டயே கேட்டுட்டுப் போங்க" என்று வந்தவர்களைக் கிண்டல் செய்வார். எல்லோரும் சிரிப்போம். இவரும் சிரிப்பார். வீட்டுக்கு ஆட்கள் வந்து போவதால் மாத்திரை அட்டை கடைக்கு இடம் மாறி, வார்னிஷ் டின்னுக்குப் பின்னால் உட்கார்ந்தது. காலையில் கடை திறந்ததும் ஒன்றைப் போட்டுக்கொள்வார். நான் அதைத் தலைவலி மாத்திரை என்று நினைத்திருந்தேன்.

அவர் தன்னைச் சோதித்துப் பார்க்காதவர் என்று மட்டும் யாரும் சொல்ல முடியாது. மாதத்தின் முதல் ஞாயிறு எங்களுக்குத் திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் கைக்கு வருவதற்கு முன் கொஞ்ச நேரம் அமைதியாக இருப்போம். அவரவர் நெஞ்சை அவரவர் துழாவிப் பார்க்க வேண்டிய நேரம். எங்களில் பலர் அந்த நேரத்தில் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்போம். இவரோ மெய்யாகவே துழாவுவார். மனைவியிடம் எரிந்து விழுந்தது அகப்படும், மைத்துனரின் புது வீட்டைப் பார்த்துப் புழுங்கியது அகப்படும். எல்லாவற்றுக்கும் கண்ணீர்விட்டு மன்னிப்புக் கேட்பார். சாட்சி மட்டும் ஒரு முறையும் கையில் அகப்படவில்லை. அது பாவங்களோடு இருந்தால்தானே அகப்படும்? தன் வாழ்க்கையிலேயே மிக நல்ல காரியம் என்று அதை அவர் வேறு இடத்தில் அல்லவா வைத்திருந்தார். நம் குற்றங்களை நாம் எப்போதும் குற்றங்களுக்கு நடுவில்தான் தேடுகிறோம். எனக்கு இதை நினைத்தால் எரிச்சலாக வருகிறது, அவர் மேல் அல்ல, மனித ஜென்மத்தின் மேல்.

இப்படி இருக்கும்போது ஒரு தையற்காரி எங்கள் சபைக்குப் புதிதாக வந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள், ஏழாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்கும் வலிப்பு. மாத்திரை சாப்பிட்டால் வகுப்பில் தூங்கி வழிந்தாள். விளையாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகள் ஓட, இவளை மட்டும் டீச்சர் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அந்த வருஷ உபவாச ஜெபத்தில் வழக்கம்போல சாட்சி அண்ணன் எழுந்தார், சொன்னார், வழக்கம்போல அழுதார். தாயும் மகளும் இரண்டாவது வரிசையில் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நாளில் தையல் மிஷின் மோட்டார் கருகிவிட்டதென்று தையற்காரி அதைக் கடைக்குக் கொண்டுவந்தாள். மோட்டாரை வைத்த கையோடு, அண்ணனிடம் ஒரு சந்தோஷமான விஷயம் சொல்ல வேண்டும் என்றாள். அவருடைய சாட்சியைக் கேட்ட அன்றே மகளுடைய மாத்திரையை எல்லாம் குப்பையில் போட்டுவிட்டார்களாம். பிள்ளை இப்போது தூங்கி வழிவதில்லை, முகமே தெளிந்துவிட்டதாம். வலிப்பும் இதுவரை வரவில்லையாம்.

"நல்லதும்மா," என்றார் இவர்.

அந்த வார்த்தை எப்படித் தன் வாயிலிருந்து வந்தது என்று பிறகு என்னிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறார், ஏதோ எனக்குத் தெரியும் என்பதுபோல. அவள் போன பிறகு அவர் அந்தச் சின்ன மோட்டாரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக்கொண்டு உள்ளே போனேன். கூப்பிட்டும் அவர் திரும்பவில்லை. வலிப்பு வரப்போகிறதோ என்று நான் பயந்து தோளைப் பிடித்தேன். அப்போதுதான் வார்னிஷ் டின்னை நகர்த்தி அட்டையைக் காட்டினார். "நான் ஒரு நாளும் நிறுத்தல. ஒரு நாளும் நிறுத்தினதே இல்ல," என்றார். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு அந்தப் பிள்ளையின் ஞாபகம் வந்தது.

மறுநாளே தையற்காரி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னார். அட்டையையும் காட்டினார். அவள் ஊசியில் நூல் கோத்தபடியே பொறுமையாகக் கேட்டாள். கடைசியில், பிசாசு இப்படித்தான் விசுவாசிகளைச் சோர்ந்துபோகச் செய்வான், அண்ணனுக்காக நாங்களும் ஜெபிக்கிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டாள். நோய் திரும்பி வந்துவிட்டது, வெட்கத்தில் உளறுகிறார் என்று அவள் நினைத்திருக்கிறாள். பல வருஷம் சொன்ன சொல்லுக்கு முன்னால் ஒரு மாத்திரை அட்டை எம்மாத்திரம்?

அங்கிருந்து நேரே பாஸ்டரிடம் போனார். எங்கள் பாஸ்டர் நல்லவர். மருந்தை நிறுத்து என்று யாரிடமும் அவர் சொன்னதில்லை. விஷயத்தைக் கேட்டு முகம் வெளுத்துப்போனார். அவர் மடியிலும் கனம் இருந்தது. இந்தச் சாட்சியைக் கேட்டுத்தான் எத்தனையோ பேர் சபைக்கு வந்திருந்தார்கள். இவரே எழுந்து சொன்னால் விசுவாசத்தில் பலவீனமானவர்கள் இடறிப்போவார்கள், நான் பொதுவாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தின் கடைசியில், டாக்டரைக் கேட்காமல் யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று மெல்லச் சொன்னார். மழைக்காலத்தில் குடை கொண்டுவாருங்கள் என்பதுபோல எல்லோரும் தலையாட்டினோம். யாருக்கோ சொல்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம். தையற்காரியும் தலையாட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு திருவிருந்து. அமைதியாக இருக்கிற நேரத்தில், யாரும் கூப்பிடாமல், சாட்சி அண்ணன் எழுந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து உயர்த்திப் பிடித்தார்.

"நான் உங்ககிட்ட பாதியைத்தான் சொன்னேன். அன்னிக்கே டாக்டர் எனக்கு வேற மாத்திரை குடுத்தாரு. அதை இன்னிக்குக் காலையிலயும் சாப்பிட்டுட்டுத்தான் வந்திருக்கேன். அது தெரிஞ்சா என் சாட்சிக்கு மதிப்பு போயிடும்னு மறைச்சேன். என்னை நம்பி யாராவது மாத்திரையை நிறுத்தியிருந்தா, தயவுசெஞ்சு இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்ல? முன்வரிசையில் ஒரு பெரியம்மா உரக்க ஜெபிக்க ஆரம்பித்தார், சோர்ந்துபோன இந்தச் சகோதரனைத் தூக்கி நிறுத்தும் ஆண்டவரே என்று. பலர் சேர்ந்துகொண்டார்கள். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒருவர் வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்தக் காலத்தில் இப்படித் தாழ்மையாகப் பேச யாருக்கு மனசு வரும், பிரதர், நீங்கள்தான் உண்மையான சாட்சி என்றார். மனுஷன் சேற்றில் விழுந்துவிட்டேன் என்று கத்துகிறான், இவர்கள் அவனுக்குச் சந்தனம் பூசுகிறார்கள்.

ஆனால் தையற்காரிக்கு மட்டும் உறைத்துவிட்டது. சபை முழுவதன் முன்னிலையில் ஒருவர் தன் பெயரைத் தானே கெடுத்துக்கொண்டது அவளை உலுக்கியிருக்க வேண்டும். அப்பம்கூட வாங்காமல் மகளை இழுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு ஓடினாள். அன்று சாயங்காலமே கடைப்பக்கம் வந்து, மாத்திரை கொடுத்துவிட்டேன் அண்ணா, இனிமேல் ஒரு வேளையும் தவறாது என்று சொல்லிவிட்டுப் போனாள். சாட்சி அண்ணன் குலுங்கிக் குலுங்கி அழுதார். கழுத்தைப் பிடித்த கை விலகினாற்போல இருக்கிறது என்றார். நாங்களும் எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நம்பினோம்.

அந்த நாட்களில்தான் அவர் தன்னை மிகக் கடுமையாகச் சோதித்தார். உண்மையைச் சொன்னதற்குக் கிடைக்கிற பாராட்டில் மனசு குளிர்கிறது, பழைய சாட்சியிலும் இப்படித்தான் குளிர்ந்தது என்று என்னிடம் முறையிட்டார். "ஒண்ணை வெளியில தள்ளினா அதே இடத்துல இன்னொண்ணு வந்து உக்காருது. நான் எதைத்தான் வெச்சுக்குறது?" என்று கேட்டார். எனக்கு என்ன தெரியும்? டியூபில் ஓட்டை எங்கே என்று தண்ணீரில் முக்கிக் கண்டுபிடிப்பேன், அவ்வளவுதான் என் ஞானம். ரொம்ப யோசிக்காதீர்கள் என்றேன்.

பிறகு ஒரு நாள் காலை, பள்ளிக்கூடத்து மாடிப்படியில் அந்தப் பெண் விழுந்தாள்.

ஒரு வலிப்பு நிற்பதற்குள் அடுத்தது வந்ததாம். ஆஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டுத்தான் நிறுத்தினார்கள். தலையில் தையல். இரத்தத்தைச் சோதித்துவிட்டு, பிள்ளை உடம்பில் மருந்தே இல்லையே, ஏன் கொடுக்கவில்லை என்று டாக்டர் தாயைச் சத்தம் போட்டார். தையற்காரி தன் கையாலேயே தினமும் கொடுத்ததாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். வீட்டுக்குத் துணி எடுக்கப் போனவள், மிஷினுக்கு அடியிலிருந்த துண்டுத்துணி மூட்டையை ஏதோ சந்தேகத்தில் கொட்டிப் பார்த்திருக்கிறாள். மாத்திரைகள் எல்லாம் அதற்குள் கிடந்தன, எச்சில் பட்டுக் கரைந்தும் கரையாமலும். பிள்ளை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, தாய் மிஷினுக்குத் திரும்பியதும் துப்பி மறைத்திருக்கிறது.

சாட்சி அண்ணன் தாயிடம் சொன்னார், பாஸ்டரிடம் சொன்னார், சபைக்கே சொன்னார். அந்தச் சின்னப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிள்ளைகளிடம் போய் யார் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்?

தையற்காரி கடை வாசலுக்கு வந்து நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். "நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க வந்து சொல்லுங்கண்ணா, உங்க பேச்சைத்தான் அவ நம்புவா," என்றாள். தனியாகப் போகத் தைரியமில்லாமல் அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வார்டில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். அந்தப் பெண் தலையில் கட்டோடு, கையில் டிரிப்ஸ் ஏற, எங்களைப் பார்த்துச் சிரித்தாள். அப்போது ரவுண்ட்ஸ் வந்த டாக்டர், இப்போதைக்கு மருந்து நரம்பு வழியாகப் போகிறது, நாளையிலிருந்து வாய் வழியாகத்தான், இன்னொரு தடவை இப்படி வந்தால் எங்கள் கையில் எதுவும் இல்லை என்று தாயிடம் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். தாயால் எத்தனை நாளைக்குப் பிள்ளையின் நாக்கைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்?

சாட்சி அண்ணன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஒன்றும் ஒளிக்காமல், ஒரு பெரிய மனுஷியிடம் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். ஆஸ்பத்திரி, புது டாக்டர், வார்னிஷ் டின், எல்லாம். அவள் இடையில் பேசாமல் கேட்டாள்.

"உங்களுக்கு நடுவுல பயம் வந்துடுச்சு மாமா. அதான் மறுபடி சாப்பிடுறீங்க," என்றாள்.

"மறுபடி இல்லடா கண்ணு. நான் நிறுத்தவே இல்ல. அன்னிக்கு நான் சொன்னது பொய்."

"பொய் சொல்றவங்க அப்படி அழ மாட்டாங்க," என்றாள் அவள்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? அந்த அழுகை பொய்யில்லை என்பது எனக்கும் தெரியும். பொய்க்குள் நிஜமான அழுகை இருக்க முடியும் என்பதை ஒரு ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எந்த வார்த்தையில் புரியவைப்பது? எனக்கே அது சரியாகப் புரிந்ததில்லை.

அவர் பையிலிருந்து அட்டையை எடுத்தார். அன்றைய மாத்திரையை அவர் இன்னும் போட்டிருக்கவில்லை. ஒன்றைப் பிதுக்கி அவள் கண்முன்னால் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார், வாயில் போட்டார், தாய் நீட்டிய தண்ணீரைக் குடித்தார். வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, ஒன்றுமில்லை என்று காட்டினார். அந்த மனிதர் தன் வாழ்நாளில் செய்த காரியங்களிலேயே துளிக் கலப்படம் இல்லாத உண்மை அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

பிள்ளை அவரைப் பரிதாபமாகப் பார்த்தது. டிரிப்ஸ் இல்லாத கையை நீட்டி அவர் தலைமேல் வைத்தது. கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, இந்த மாமாவோட அவிசுவாசத்தை மன்னியும். அவருக்கு முந்தி இருந்த விசுவாசத்தைத் திரும்பக் குடும்," என்று ஜெபித்தது. சபையில் கேட்ட பழக்கமோ என்னவோ, தாய் தன்னையறியாமல் ஆமென் என்றாள். அவர் அந்தச் சின்னக் கைக்குக் கீழே தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அதைத் தட்டிவிடவும் அவரால் முடியவில்லை.